திருவல்லிக்கேணி உலா

தமிழ்நாட்டு ஊர்களுள் நீர்நிலையால் பெயர் பெற்றவை மிகப் பல. ஆறும் குளமும் ஏரியும் ஊருணியும் கேணியும் ஊர்ப்பெயர்களில் இன்றும் ஊறி நிற்கின்றன. சென்னை மாநகரில் கடற்கரையை ஒட்டி, வீடும் கடையும் விடுதியும் தோளோடு தோள் நெருங்கி விளங்கும் திருவல்லிக்கேணியும் அவ்வாறு பெயர் கொண்டதேயாகும். அல்லி மலர்ந்த கேணி அல்லிக்கேணி. கோயில் கொண்ட பெருமாளின் தொடர்பால் 'திரு' என்னும் அடை முன்னே வந்து சேர்ந்தது. ஆங்கிலேயர் நாவில் அப்பெயர் 'டிரிப்ளிக்கேன்' எனத் திரிந்தது. அல்லியும் போய், கேணியும் போய், பொருளற்ற ஓசை மட்டும் எஞ்சிய திரிபு அது.

இன்று நகரின் நடுவே அமைந்த இவ்வூர் ஒரு காலத்தில் நகருக்குப் புறத்தே இருந்தது. 1640-ஆம் ஆண்டில் ஆங்கில வணிகக் கம்பெனியார் கடற்கரையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கியபோது, திருவல்லிக்கேணி அக்கோட்டைக்குத் தெற்கே தனித்து நின்ற சிற்றூர். அந்நூற்றாண்டிலேயே கோல்கொண்டா அரசினரிடமிருந்து கம்பெனியார் இதனைக் குத்தகையாகப் பெற்றனர். ஆதலின், நகரம் தோன்றி, அதன் புறநகராக இவ்வூர் தோன்றிற்று என்று கருதுதல் பிழை. ஊர் முந்தியது; நகரம் பிந்தியது. கோட்டைக்கு நானூறு ஆண்டு இன்னும் நிரம்பவில்லை. இவ்வூர்க் கோயிலிலுள்ள கல்வெட்டு ஒன்றுக்கோ ஏறத்தாழ 1200 ஆண்டுகள் ஆகின்றன.

இத்தகைய ஊரைக் காண்பதற்கு ஏற்ற ஊர்தி எது? கால்நடையாகச் சென்றால் பொழுது போதாது. காரில் சென்றால் கண் போதாது. நினைத்த இடத்தில் நிறுத்தவும், குறுந்தெருவில் நுழையவும், வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவரோடு ஒரு சொல் பேசவும் வாய்ப்புத் தருவது மிதிவண்டியே. ஆதலால், பழம்பகுதிகளை மிதிவண்டியில் சென்று காணும் வழக்கம் இப்பொழுது நகரங்களில் பரவி வருகின்றது. வழியும் வரலாறும் அறிந்த ஒருவர் முன்னே செல்வார்; ஏனையோர் ஒருவர் பின் ஒருவராகத் தொடர்வர். அவ்வாறு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பன்னிரண்டு மாணவர்களும் யானும் புறப்பட்டோம். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் கட்டடக் கலை பயின்ற இளநங்கை ஒருவர். "ஐயா, கல்லைப் பற்றி நான் சொல்கிறேன், சொல்லைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள்" என்று அவர் முதலிலேயே பணியைப் பங்கிட்டுக்கொண்டார். அவ்வேற்பாடு எனக்கும் உவப்பாகவே இருந்தது.

புறப்படுமுன் அவர் கூறிய விதிகள் சில. இடப்புறமே செல்லுதல், முன் செல்வோர்க்கும் பின் செல்வோர்க்கும் இடையே ஒரு வண்டி நீளம் விடுதல், திரும்புமுன் கையால் குறி காட்டுதல், கோயிலுக்கு அருகிலும் பள்ளிவாசலுக்கு அருகிலும் மணி அடியாமை. வண்டிகளின் காற்றும் தடையும் பார்த்து முடிந்தபோது கீழ்வானம் வெளுத்துவிட்டது.

கடற்கரைச் சாலையில் வட்ட வடிவமாக எழுந்த பெரிய மாளிகை ஒன்றன் முன் முதலில் இறங்கினோம். விவேகானந்தர் இல்லம் என்பது அதன் இன்றைய பெயர். ஐஸ் ஹவுஸ் என்பது மக்கள் வாயில் வழங்கும் பழம்பெயர். பனிக்கட்டி செய்யும் பொறி இங்கு இல்லாத காலத்தில், அமெரிக்க நாட்டு ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி அனுப்பினார் டியூடர் என்னும் வணிகர். அப்பனிக்கட்டியைச் சேர்த்து வைக்க 1842-இல் எழுந்த கிடங்கு இது. பாதி உலகைச் சுற்றி வந்த பனிக்கட்டி சென்னை வெயிலில் விலையாயிற்று! பனிக்கட்டியை இந்நாட்டிலேயே செய்யும் முறை வந்ததும் அவ்வணிகம் தானே உருகிப் போயிற்று.

பின்னர் இக்கட்டடத்தை வாங்கியவர் பிலிகிரி ஐயங்கார் என்னும் வழக்கறிஞர். மேலைநாடுகளில் புகழ் நிறுவித் திரும்பிய விவேகானந்தர் 1897-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் ஒன்பது நாள் இங்குத் தங்கினார். இதனைப் பலரும் அறிவர். அதனினும் குறைவாக அறியப்பட்ட செய்தி ஒன்று உண்டு. பதினோராம் அகவையிலேயே கணவனை இழந்து, கல்வியைத் துணையாகப் பற்றி, 1911-இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி அம்மையார், தம்மைப் போல் இளமையிலேயே கைம்மை எய்திய சிறுமியரைச் சேர்த்து, உணவும் கல்வியும் அளித்து வளர்த்த இல்லம் பல ஆண்டு நடைபெற்றதும் இம்மாளிகையிலேயாம். தலைவாயிலைக் கடந்து வெளியுலகைக் காணவும் உரிமையற்றிருந்த சிறுமியர் இங்கிருந்து ஆசிரியைகளாக வெளிப்போந்தனர். பனிக்கட்டி கிடந்த வீடு என்பதைவிட இதுவன்றோ இவ்வீட்டின் பெருமை என்று எனக்குத் தோன்றியது. வழிகாட்டி நங்கையும் இச்செய்தியைக் கூறும்போது சற்றே குரல் தாழ்த்திக் கூறினார். 1963-இல், விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி, அவர் பெயர் இம்மாளிகைக்கு இடப்பட்டது.

அங்கிருந்து மேற்கே திரும்பிச் சிறு தெருக்களில் நுழைந்தோம். வாயில்தோறும் சாணம் தெளித்துக் கோலமிட்டிருந்தனர். கோலத்தின் மேல் வண்டிச் சக்கரம் படாதவாறு மாணவர்கள் வளைந்து வளைந்து சென்ற காட்சி இனிதாயிருந்தது. தெருமுனை கடந்ததும் பார்த்தசாரதிப் பெருமாள் கோயிலின் கோபுரமும் அதன் முன் திருக்குளமும் தோன்றின. கைரவிணி என்பது குளத்தின் பெயர். கைரவம் என்றால் வடமொழியில் ஆம்பல். அல்லிக்கேணி என்ற தமிழ்ப்பெயரும் கைரவிணி என்ற வடசொற்பெயரும் ஒரு பொருளனவாதல் காண்க.

வண்டிகளைக் குளக்கரையில் நிறுத்திவிட்டு உள்ளே சென்றோம். பேயாழ்வார், திருமழிசையாழ்வார், திருமங்கையாழ்வார் ஆகிய மூவரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். திருமங்கையாழ்வார் இதனை மயிலையைச் சார்ந்த ஊராகவும், தொண்டையர் கோன் திருப்பணி செய்த தலமாகவும் குறிப்பிடுகின்றார். மூலவர் பாரதப் போரில் பார்த்தனுக்குத் தேரோட்டிய கண்ணன். ஆதலின் சக்கரம் இன்றிச் சங்கம் மட்டும் ஏந்தி, மீசையோடு நிற்கின்றார். போர்க்களத்தில் வீடுமன் எய்த அம்புகளின் வடு என்று உற்சவர் திருமுகத்தில் தழும்புகள் காட்டப்படுகின்றன. ஆண்டவனையும் காயம்பட்டவனாகவே வைத்து வழிபடும் அடியார் உள்ளம் எண்ணி எண்ணி வியத்தற்குரியது. கிழக்கு நோக்கிய இப்பெருமாளுக்குப் பின்னே, மேற்கு நோக்கித் தெள்ளியசிங்கர் என்னும் நரசிங்கப் பெருமாள் எழுந்தருளியிருக்கின்றார். இருவருக்கும் தனித்தனிக் கொடிமரம் உண்டு.

யான் மாணவர்களுக்கு முதன்மையாகக் காட்ட விரும்பியது முன்னே கூறிய கல்வெட்டையேயாகும். அது பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தது. மன்னனின் வெற்றியையோ கொடைப் பெருமையையோ அது பேசவில்லை. ஒரு கடனைப் பற்றிப் பேசுகின்றது. கோயிலுக்குரிய நிலம் ஒற்றியாக வைக்கப்பட்டுவிட்டது. அதனால் பெருமாளின் திருவமுதுக்கு அளக்கும் அரிசி குறைந்தது. அந்நிலையில் புகழ்த்துணை விசையரையன் என்பான் ஒருவன் முன்வந்து, பொருள் கொடுத்து நிலத்தை மீட்டு, குறைந்த அமுதை மீண்டும் நிறையச் செய்தான்.

ஒற்றி என்னும் சொல்லை மாணவர்கள் அறிந்திலர். அடகு என்றால் அறிவர். இரண்டும் ஒன்றல்ல. பொதுவாக, அடகு வைத்த நகை கடன் கொடுத்தவன் பெட்டியில் சும்மா கிடக்கும். ஒற்றி வைத்த நிலமோ அவன் கையில் விளைந்துகொண்டே இருக்கும். கடன் தீரும் வரை விளைச்சல் அவனுக்கே உரியது. எனவே, ஒற்றி வைத்தவனுக்கு நிலம் இருந்தும் இல்லை. ஆண்டுகள் பல கழிந்தால், அந்நிலம் தனக்குரியது என்னும் நினைவும் மங்கிவிடும். "விசையரையன் வரவில்லையென்றால் என்ன ஆகியிருக்கும், ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான். "நிலமும் போயிருக்கும், இந்தக் கல்லும் இருந்திராது, நானும் இங்கு உனக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்கமாட்டேன், தம்பி" என்றேன். அவன் அச்சொல்லைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். அன்று முழுவதும் 'ஒற்றி' என்னும் சொல் எங்களை விட்டு அகலவில்லை.

கோயிலின் மேற்கே துளசிங்கப்பெருமாள் கோயில் தெரு. தெள்ளியசிங்கர் என்னும் பெயரே மக்கள் வழக்கில் துளசிங்கர் ஆயிற்று. அவர் மேற்கு நோக்கியிருத்தலின் இத்தெரு அவருக்கு உரியதாயிற்று. இத்தெருவிலேதான் பாரதியார் தம் வாழ்வின் கடைசிப் பகுதியைக் கழித்த வீடு உள்ளது. 1904-இல் சுதேசமித்திரன் இதழில் பணியாற்றச் சென்னைக்கு வந்த அவர், 1908-இல் ஆங்கில அரசின் அடக்குமுறைக்குத் தப்பிப் புதுச்சேரி சென்றார். 1920-இல் மீண்டும் அதே இதழுக்குத் திரும்பினார். மறு ஆண்டிலேயே அவர் வாழ்வு முடிந்தது.

பாரதியாரைக் கோயில் யானை கொன்றுவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். எங்கள் குழுவிலும் மூவர் அவ்வாறே கூறினர். உண்மை அதுவன்று. நாள்தோறும் தாம் தேங்காய் பழம் கொடுத்துப் பழகிய யானை மதங்கொண்டிருந்த வேளையில் அவர் அணுக, அது அவரைத் தள்ளி வீழ்த்தியது. யானையின் காலடியில் கிடந்த கவிஞரைத் தம் உயிரையும் பொருட்படுத்தாது நுழைந்து மீட்டவர் குவளைக்கண்ணன் என்னும் அன்பர். பாரதியார் அப்புண் ஆறி எழுந்தார். மீண்டும் இதழ்ப் பணிக்குச் சென்றார். ஈரோட்டுக் கருங்கல்பாளையத்திற்குச் சென்று, மனிதனுக்கு மரணம் இல்லை என்னும் பொருள் பற்றிச் சொற்பொழிவும் ஆற்றினார். அதன் பின்னரே வயிற்று நோய் கண்டு, 1921-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் இரவு கடந்து உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு முப்பத்தொன்பது அகவையும் நிறையவில்லை. இறுதி ஊர்வலத்தில் சென்றோர் இருபதின்மருக்கும் குறைவு என்பர். அவ்வெண்ணிக்கையை யான் வகுப்பறையில் பலமுறை கூறியதுண்டு. ஆயினும், அவ்வுடல் எடுத்துச் செல்லப்பட்ட அதே வாயிலில் நின்று கூறுவது வேறாக இருந்தது. மாணவர்கள் தெருவின் இரு புறமும் திரும்பி நோக்கினர். அத்தெருவில் இருபது பேர் நின்றால் எவ்வளவு இடம் அடையும் என்று அளந்தனர் போலும்!

கவிஞர் மறைந்த பின் அவர்தம் நூல்களின் உரிமை பல கை மாறிற்று. அவர் பாடலை அச்சிடவும் இசைக்கவும் பிறர் இசைவைக் கேட்க வேண்டிய நிலை நாட்டில் இருந்தது. 1949-இல் சென்னை மாகாண அரசு அவ்வுரிமையைத் தன்னதாக்கிக்கொண்டு, பின்னர் மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கிற்று. இன்று எந்த ஊர்ச் சிறுவனும் யாரையும் கேளாமல் பாரதி பாட்டைப் பாடலாம். அவர் வாழ்ந்த வாடகை வீடும் அரசால் பெறப்பட்டு, 1993-இல் நினைவில்லம் ஆயிற்று. இதனை யான் சொல்லி முடிக்குமுன், குறிப்பேடு வைத்திருந்த மாணவன், "இங்கேயும் விசையரையன் வந்திருக்கிறான், ஐயா" என்றான்.

அடுத்து அகலத் தெருக்களை விரைந்து கடந்தோம். ஊர்ப்புறத்திலிருந்து பிழைப்புத் தேடி வரும் இளைஞர் தங்கும் 'மேன்சன்' என்னும் விடுதிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு மாடத்திலும் ஈரத்துணி உலர்ந்தது. பைகிராப்ட்ஸ் சாலை என்று முன்னர் வழங்கிய தெரு இன்று பாரதி சாலை. பழைய நூல் விற்கும் நடைபாதைக் கடைகளால் பெயர் பெற்றது அது. காலைப் பொழுதாதலின் கடைகள் திறந்தில. மாணவர்களுக்கு அது ஏமாற்றம். என் பணப்பைக்கு அது நலம்.

வழியில் வண்டியொன்றின் சங்கிலி கழன்றது. அதனை மாட்டும் இடைவெளியில் வழிகாட்டி நங்கை 'திருவல்லிக்கேணி அறுவர்' கதையைக் கூறினார். 1878-ஆம் ஆண்டில் இவ்வூர் இலக்கியச் சங்கத்தைச் சேர்ந்த இளைஞர் அறுவர் கூடினர். இருவர் ஆசிரியர், நால்வர் சட்டம் பயில்வோர். நாட்டு மக்கள் சார்பில் பேச ஓர் இதழ் வேண்டும் என்று எண்ணி, ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவைக் கடன் வாங்கி, எண்பது படிகள் அச்சிட்டு 'இந்து' என்னும் கிழமை இதழை வெளியிட்டனர். அவ்வறுவருள் ஒருவராகிய சுப்பிரமணிய ஐயரே பின்னர்ச் சுதேசமித்திரனை நிறுவிப் பாரதியாரைச் சென்னைக்கு அழைத்தவர். கடன் எல்லாம் கேடு என்று எண்ணியிருந்த மாணவர் சிலர், நன்மைக்கு வாங்கிய கடனும் உண்டு என்று கண்டனர். சங்கிலி மாட்டப்பட்டது, புறப்பட்டோம்.

பிள்ளையார் கோயில் தெருவில் வழிகாட்டி வண்டியை நிறுத்தியபோது, "எந்த வீடு, அக்கா?" என்று மாணவர்கள் நாற்புறமும் நோக்கினர். காட்டுதற்கு அங்கு வீடு இல்லை. இப்பகுதியைச் சொல்லும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

உ. வே. சாமிநாதையர் 1855-இல் பிறந்தவர்; அவர் ஊர் உத்தமதானபுரம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டவர். கும்பகோணம் கல்லூரியில் தம் பதவியை அவருக்கு வாங்கித் தந்தவர் தியாகராச செட்டியார் என்னும் பெரும்புலவர். சீவகசிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என ஒவ்வொன்றாக அவர் அச்சில் ஏற்றினார். அதற்கு முன் அந்நூல்கள் எங்கே இருந்தன? பரண்களிலும் புகைக்கூடுகளுக்கு அருகிலும் செல்லுக்கும் கரையானுக்கும் உணவாகிக் கிடந்தன. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகளும் உண்டு. தமிழர் தம் முதுசொத்தையே மறதிக்கு ஒற்றி வைத்திருந்தனர். ஊர் ஊராக நடந்தும் வண்டியேறியும் ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டும் அதனை மீட்டவர் அப்பெரியார்.

1903-இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்தார். வந்து குடியமர்ந்த இடம் திருவல்லிக்கேணி. இப்பிள்ளையார் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த இல்லத்திற்குத் தமக்கு வாழ்வளித்த செட்டியார் பெயரால் 'தியாகராச விலாசம்' என்று பெயரிட்டார். நன்றி மறவாமையைத் தம் வீட்டு வாயிலிலேயே எழுதி வைத்தார் என்க. இரவீந்திரநாத தாகூர் வந்து அவரைக் கண்டு சென்றதும் அவ்வில்லத்திலேயாம். 1942-இல் ஐயர் மறைந்தார். அதன் பின் எழுபது ஆண்டு அவ்வீடு நின்றது. அதனை அரசோ அமைப்போ ஏற்றுக் காக்கவேண்டும் என்று தமிழன்பர் பலர் குரல் எழுப்பினர். ஆயினும், 2012-இல் அவ்வீடு இடிக்கப்பட்டது.

"விசையரையன் வரவில்லையா, ஐயா?" என்று அம்மாணவன் கேட்டான். குறும்பாகத் தொடங்கிய கேள்வி பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது. "வந்தவர்கள் கையில் பொருள் இல்லை, தம்பி, பொருள் உள்ளவர்கள் வரவில்லை" என்று மட்டும் சொன்னேன். அவருடைய உத்தமதானபுரத்து வீடு நினைவில்லமாகப் போற்றப்படுகின்றது என்பதையும் கூறினேன். அது ஆறுதலே, ஆயினும், நாற்பது ஆண்டளவு அவர் ஏடு பார்த்த இடம் இதுவன்றோ? மாணவியொருத்தி அங்கிருந்த புதுக்கட்டடத்தின் சுற்றுச்சுவரைப் படம் வரையத் தொடங்கினாள். "இதை ஏனம்மா வரைகிறாய்?" என்றேன். "இடம் எது என்றாவது தெரிய வேண்டாமா, ஐயா?" என்றாள். அவள் வரைந்து முடிக்கும் வரை அனைவரும் காத்திருந்தோம்.

கணிதமேதை இராமானுசன் இங்கிலாந்து செல்லுமுன் வாழ்ந்த அனுமந்தராயன் கோயில் தெருப் பகுதியை அடுத்துக் கண்டோம். 1912-இல் துறைமுக அலுவலகத்தில் திங்கள் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தவர் அவர். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்த பின்னரே கவலையின்றிக் கணக்கில் மூழ்கினார். 1914-இல் கப்பலேறினார். அங்கே காண்பதற்கு ஒன்றும் இல்லாமையின் விரைவில் நீங்கினோம்.

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் பரந்த முற்றத்துடன் எழுந்து நிற்பது வாலாசாப் பெரிய பள்ளிவாசல். ஆர்க்காட்டு நவாபு முகமதலி வாலாசா குடும்பத்தாரால் 1795-இல் கட்டப்பட்டது. மரமும் இரும்பும் இன்றிச் சாம்பல் நிறக் கருங்கல்லாலேயே எழுப்பப்பட்டது என்பர். வண்டிகளை வெளியே நிறுத்தி, இசைவு பெற்று, கால் கழுவி உள்ளே சென்றோம். காயிதே மில்லத் முகமது இசுமாயில் அவர்கள் அடக்கமான இடமும் இவ்வளாகத்தினுள்ளேயே உள்ளது.

இப்பள்ளிவாசலில் ஒரு புதுமை உண்டு. கட்டிய ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கல்வெட்டை இயற்றியவர் நவாபின் செயலராயிருந்த மக்கன்லால் என்னும் இந்து. அவர் ஆண்டை எண்ணால் எழுதாமல் சொல்லால் எழுதினார். நாம் ஒன்றுக்குக் ககரத்தையும் இரண்டுக்கு உகரத்தையும் எழுதிய வழக்குப்போல, அரபு எழுத்துகளுக்கும் எண் மதிப்பு உண்டு. 'திக்ருல்லாஹி அக்பர்' என்னும் தொடருக்கு 'இறைவனை நினைத்தலே மிகப் பெரிது' என்று பொருள். அத்தொடரில், நினைத்தல் என்னும் சொல்லின் எழுத்துகள் 920. இறைவன் பெயர் 66. பெரிது என்னும் சொல் 223. மூன்றையும் கூட்டினால் 1209. அதுவே பள்ளிவாசல் எழுந்த ஹிஜிரி ஆண்டு! மாணவர்கள் முற்றத்தில் அமர்ந்து இருமுறை கூட்டிப் பார்த்தனர். நோன்புத் திங்களில் மாலைதோறும் இம்முற்றத்தில் நோன்பு திறப்போர்க்கு உணவு பரிமாறும் தொண்டைச் சிந்து நாட்டிலிருந்து வந்து குடியேறிய இந்துக்கள் நெடுங்காலமாகச் செய்து வருகின்றனர் என்று அங்கிருந்த முதியவர் ஒருவர் கூறினார்.

வாலாசா சாலை வழியே கிழக்கே சென்று, 1768-இல் அந்நவாபு எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனையை அடைந்தோம். இங்கே 'ஒற்றி' என்னும் சொல் மீண்டும் எதிர்ப்பட்டது. நவாபு கம்பெனியின் பணியாளர் பலரிடம் பெருங்கடன் வாங்கினார். ஈடாகத் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளின் நிலவரியையே எழுதிக் கொடுத்தார். வட்டி வளர்ந்தது; வரி தண்டுவோர் கொடுமை உழவர் முதுகில் ஏறியது. அக்கடனைப் பற்றி 1785-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் எட்மண்டு பர்க்கு ஆற்றிய பேருரை புகழ் பெற்றது. 1801-இல் கருநாடகப் பகுதியின் ஆட்சியே கம்பெனியார் கைக்குப் போயிற்று. ஒரு கோயில் நிலம் மீட்கப்பட்ட ஊரின் வாயிலில், ஒரு நாடு மீட்கப்படாமலே போன கதையும் கல்லாகி நிற்கின்றது.

அரண்மனையின் ஒரு பகுதியாகிய கலச மகால் 2012 சனவரியில் தீப்பற்றி எரிந்தது. அணைக்கச் சென்ற தீயணைப்புத் துறை அலுவலர் ஒருவர் உயிர் துறந்தார். கூரை வீழ்ந்து சுவர் கருகிய அம்மாளிகையை இடித்துவிடலாம் என்று விடாமல், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு பழைய முறையிலேயே பொதுப்பணித் துறையினர் புதுப்பித்தனர். பின்னர்ப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கு இயங்கலாயிற்று. சுண்ணாம்பை நீற்றிப் பதப்படுத்தும் முறையையும், விரிசலை அளக்கும் முறையையும் வழிகாட்டி நங்கை விளக்கியபோது, அவர் கண்ணில் ஒளி தோன்றியது. கல் அவர் பங்கு அன்றோ? "2012-லேயா, அக்கா?" என்று படம் வரைந்த மாணவி கேட்டாள். "ஆம், அதே ஆண்டுதான்" என்றார் அவர். வேறு எவரும் ஒன்றும் கூறவில்லை.

வெயில் ஏறத் தொடங்கியது. கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பி, மாநிலக் கல்லூரியின் முன் இறுதியாக நின்றோம். தலைப்பாகையும் நீண்ட அங்கியுமாக, வங்கக் கடலை நோக்கி நிற்கின்றது சாமிநாதையர் சிலை. ஒரு மணி நேரத்திற்கு முன் அவர் வீட்டைத் தேடி ஏமாந்த மாணவர்கள் அச்சிலையைச் சூழ்ந்து நின்றனர். அவர் தேடிய ஏடுகள் எங்கே என்று ஒருவன் கேட்டான். அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1943-இல் அவர் பெயரால் நூல்நிலையம் ஒன்று அடையாற்றில் நிறுவப்பட்டது என்றும், இப்பொழுது அது பெசன்ட் நகரில் உள்ளது என்றும், அவர் கைபட்ட ஓலைச்சுவடிகளும் குறிப்புகளும் அங்கே காக்கப்படுகின்றன என்றும் விடை கூறினேன். "மிதிவண்டியில் போகலாமா?" என்றான். கடற்கரைச் சாலையிலேயே தெற்கே சென்று அடையாற்றுப் பாலத்தைக் கடக்கவேண்டும் என்று வழிகாட்டி நங்கை நிலத்தில் குச்சியால் வழி வரைந்து காட்டினார். எவ்வெவர் வருவர் என்று அங்கேயே பெயர் எழுதத் தொடங்கினர். சங்கிலி கழன்ற வண்டிக்காரன் பெயரே முதலில் இருந்தது.